தனித்து வளர்ப்பவர் தாய் மட்டும்தானா?

புது தில்லி: குழந்தையைத் தனியாக வளர்ப்பவர் என்றால் தாய்தான் என்ற எண்ணம் மத்திய அரசின் விடுப்பு விதிகளிலும் நீண்ட காலம் வேரூன்றியிருந்தது. பணிக்காலம் முழுவதற்குமாக 730 நாள் குழந்தைப் பராமரிப்பு விடுப்பு 2008-ல் அறிமுகமானபோது, அது பெண் ஊழியர்களுக்கு மட்டுமே உரியதாக இருந்தது.

ஏழாவது ஊதியக் குழுவின் பரிந்துரையை ஏற்று, 2018 டிசம்பரில் விதி திருத்தப்பட்டது. திருமணமாகாத, மனைவியை இழந்த, விவாகரத்து பெற்ற ஆண்களும் சேர்க்கப்பட்டனர். ஆயினும் பழைய எண்ணம் முற்றிலும் அகலவில்லை. ஆண்டுக்கு மூன்று தவணைகளில் இவ்விடுப்பை எடுக்கலாம் என்ற பொது விதி, தனித்து வாழும் தாய்க்கு மட்டும் ஆறு தவணைகளாகத் தளர்த்தப்பட்டது. அதே நிலையிலுள்ள தந்தைக்கு மூன்றுதான். தாயா, தந்தையா என்று பார்த்தா பிள்ளைக்குக் காய்ச்சல் வருகிறது? மனைவி பிரிந்து சென்று, விவாகரத்து வழக்கு முடியாமல் இழுபடும் ஊழியரோ எந்தப் பிரிவிலும் அடங்க மாட்டார்.

அரசுப் பணிக்கு வெளியே, தாயின் நிலையே பரிதாபம். இந்திரா காந்தி தேசிய விதவை ஓய்வூதியத் திட்டத்தில் வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ளவர்களுக்கு மத்திய அரசு 2012-ல் நிர்ணயித்தது மாதம் 300 ரூபாய். குறைந்தபட்ச வயது 40. முப்பது வயதில் கணவரை இழந்து கைக்குழந்தையுடன் நிற்பவர் பத்து ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். பிறந்த வீடு தாங்கும் அல்லது மறுமணம் நடக்கும் என்று கருதிவிட்டார்கள் போலும். கணவரால் கைவிடப்பட்டவருக்கோ, மனைவியை இழந்த ஏழைத் தந்தைக்கோ இத்திட்டத்தில் இடமே இல்லை. சில மாநிலங்கள் தமது நிதியிலிருந்து இளம் விதவைகளுக்கும் உதவுகின்றன. மத்திய அரசின் தொகையை உயர்த்துமாறு ஊரக வளர்ச்சிக்கான நாடாளுமன்ற நிலைக்குழு பலமுறை பரிந்துரைத்துள்ளது.