வங்காளம் படிக்க இங்கிலீஷ் எதுக்குங்க?

பர்ஸிலிருந்து ஒரு நூறு ரூபாய் நோட்டை எடுத்துத் திருப்பிப் பாருங்க. பின்பக்கம் 15 மொழிகளில் மதிப்பு எழுதிய பட்டியல் இருக்கும். முதல் வரி அசாமி, இரண்டாவது வரி வங்காளம். ரெண்டும் ஏறக்குறைய ஒரே எழுத்துதான். பி.காம் சேர்ந்த நாளிலிருந்து பணத்தைப் பற்றியே படிக்கிறோம், ஆனா பணத்து மேல என்ன எழுதியிருக்குன்னு படிக்கத் தெரியாது!

சரி, கத்துக்கலாம்னு கிளம்பினா கிடைக்கிற சரக்கெல்லாம் பெரும்பாலும் ஒரே ரகம். அட்டையின் முன்பக்கம் வங்காள எழுத்து, பின்பக்கம் இங்கிலீஷ் எழுத்து. தமிழ் தெரிஞ்ச ஒருத்தர் வங்காளத்துக்குப் போக லண்டன் வழியா ஏன் சுத்தணும்? இது வெறும் சுத்து வழி இல்லை, தப்பான வழி என்பதுதான் என் கட்சி.

இங்கிலீஷுக்கு ட-வும் த-வும் ஒண்ணு. ண-வும் ந-வும் ஒண்ணு. அதைச் சமாளிக்கப் பெரிய எழுத்து, சின்ன எழுத்து, கீழே புள்ளி, மேலே கோடுன்னு ஒரு பாடு. நமக்கு ட, த ரெண்டும் ஒண்ணாம் வகுப்பிலேயே வந்தாச்சு. கையில இருக்கிற சாவியை விட்டுட்டுப் பக்கத்து வீட்டுச் சாவியை வாங்கி வந்து குடைஞ்சுக்கிட்டு இருக்கோம்.

"தமிழ் வழியா படிக்க அட்டை எங்கப்பா இருக்கு?" கடையில இல்லைதான். ஆனா நாமே செய்யலாம். அதுக்கு கம்ப்யூட்டர் சயின்ஸ் படிச்சிருக்க வேணாம். நாம தினம் கட்டி அழற எக்ஸெல் போதும்.

யூனிகோடில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு எண் உண்டு. வங்காள 'க' 2453. தமிழ் 'க' 2965. கழிச்சுப் பாருங்க: 512. வங்காள 'ம' 2478. 512 கூட்டினா 2990, நம்ம 'ம'. இது தற்செயல் இல்லை. இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவா வகுத்த இஸ்கி என்ற பழைய தரத்தின் 1988 வடிவத்தை யூனிகோட் அடிப்படையா எடுத்துக்கிட்டது. அதனால எந்த எழுத்து எந்த இடத்தில் என்கிற வரிசை ரெண்டு மொழிக்கும் ஒண்ணுதான்.

ஆக, முதல் பத்தியில் 2453-லிருந்து 2489 வரை எண்களை இழுத்து விடுங்க. இரண்டாவதில் யூனிசார் ஃபார்முலா (எக்ஸெல் 2013-லிருந்து இருக்கு). மூன்றாவதில் அதே ஃபார்முலா, கூட்டல் 512. அவ்வளவுதான், தமிழ் பதிலோட வங்காள மெய் வரிசை ரெடி!

இதில் சுவாரசியமே வெற்றிடங்கள்தான். 37 இடங்களில் வங்காளப் பக்கம் 5 காலி. அந்த 5 இடத்தில் தமிழில் என்ன இருக்கு? ன, ற, ள, ழ, வ. நம்ம பக்கம் 14 காலி: ககரக் குடும்பத்தில் 3, சகரத்தில் 2, ட, த, ப மூணிலும் மும்மூணு. அந்தப் பதினாலையும் கையால நிரப்பணும். அதுக்கும் வழி நம்ம வீட்டிலேயே இருக்கு. பாட்டி வச்சிருக்கிற ஸ்லோகப் புத்தகத்தில் க2, க3, க4 என்று போட்டிருப்பாங்களே, அதேதான். எந்த ஒலி நம்மகிட்ட இருக்கு, எதைப் புதுசா பழகணும் என்பதை மூணு நிமிஷத்தில் காட்டுது இந்தத் தாள். எந்த ரெடிமேட் அட்டை இதைச் சொல்லுது?

உயிர்க்குறிகளும் அப்படித்தான். எழுதும்போது ஏகாரக் குறி மெய்க்கு இடப்பக்கம் வரும், ஓகாரக் குறி ரெண்டு பக்கமும் வரும். இங்கிலீஷ் வழியா படிக்கிறவங்களுக்கு இது பெரிய அதிசயம். 'கே', 'கோ' எழுதிப் பழகினவங்களுக்கு என்ன அதிசயம்? இகரம் மட்டும் இடப்பக்கம் போகும், அது ஒண்ணுதான் புதுசு.

இப்போ எதிர்க்கட்சிக்கு வருவோம்.

1. "512 போட்டா எழுத்து வரும், உச்சரிப்பு வருமா?" வராது. க், ஷ சேர்ந்தா எக்ஸெல் க்ஷ என்று காட்டும், வங்காளி வாய் 'க்க2' என்று சொல்லும். நம்ம லக்ஷ்மி அங்கே லொக்கி. மூணு ஷ-ஸக்களும் பெரும்பாலும் 'ஷ' தான். ய என்று நாம நினைக்கிற எழுத்து சொல்லின் முதலில் 'ஜ'. மெய்யோட ஒட்டி வரும் அகரம், அ-வுக்கும் ஒ-வுக்கும் நடுவில நிக்கும். அதனால நாலாவது பத்தி ஒண்ணு போட்டு ஒலியைத் தனியா எழுதுங்க. எழுத்து வேற, ஒலி வேற என்று பக்கத்துப் பக்கத்தில் பார்த்தாத்தான் மனசில் நிக்கும்.

2. "அதான் ஆப் இருக்கே!" இருக்கு. 2006-லேயே வந்த அங்கி இலவசமா கிடைக்குது, உங்க எக்ஸெல் தாளையே உரைக் கோப்பா மாத்தி அதில் ஏத்தலாம். நான் ஆப்புக்கு எதிரி இல்லை, அடுத்தவர் அடுக்கின அட்டைக்கு எதிரி. ரெடிமேட் அட்டை பெரும்பாலும் அகர வரிசையில் போகும். கண்ணு குழம்புறது அகர வரிசையிலா? 'ப3' ஒரு முக்கோணம். அதுக்குக் கீழே புள்ளி வச்சா 'ர'. வலப்பக்கம் கொக்கி மாட்டினா 'க'. இந்த மூணையும் ஒரே கூட்டத்தில் போட்டுக் குலுக்கி, தப்பா சொன்னதைத் திரும்பக் கேட்கிற மாதிரி பைதானில் பத்துப் பன்னிரண்டு வரி எழுதினா போதும். எதை எதோட சேர்த்துக் குலுக்கணும்னு முடிவு பண்றோம் பாருங்க, அப்பவே பாதிப் படிப்பு முடிஞ்சுது.

3. "ஏஐ கிட்ட சொன்னா ஒரு நொடியில் எழுதித் தருமே?" தாராளமா வாங்கிக்கோங்க. ஆனா எந்த எழுத்தில் *உங்க* கண்ணு தடுக்குதுன்னு அதுக்கு எப்படித் தெரியும்? அந்தப் பட்டியலை நீங்கதான் கொடுக்கணும்.

4. "காமர்ஸ்காரனுக்கு எதுக்கு கோடிங்?" இந்தக் கேள்விதான் எனக்கு எரிச்சல். பேலன்ஸ் ஷீட்டுக்கு நாலு அடுக்கு 'இஃப்' ஃபார்முலா எழுதுறவனுக்கு ஒரு லூப் எழுத வராதா? அது அந்த டிபார்ட்மென்ட் வேலைன்னு நாமே கோடு போட்டு நாமே உள்ளே உட்கார்ந்திருக்கோம்.

5. "அதுவும் வங்காளம் எதுக்கு?" 2011 கணக்கெடுப்புப்படி இந்தியாவில் 9.7 கோடிப் பேரின் தாய்மொழி, இந்திக்கு அடுத்த இடம். வேலூரில் சி.எம்.சி. ஆஸ்பத்திரியைச் சுத்தி நடந்து பாருங்க, லாட்ஜிலும் கடையிலும் வங்காளப் பலகை தொங்கும். வைத்தியத்துக்கு வந்தவங்களுக்காக கடைக்காரர் கத்துக்கிட்டார். நாம?

கடைசியா ஒண்ணு. கிழக்கு பாகிஸ்தானில் வங்காளத்தை அரபு எழுத்தில் எழுத வைக்கப் பார்த்தாங்க. மக்கள் ஏத்துக்கலை. வங்காளத்தையும் அரசு மொழியாக்கணும்னு போராடி 1952 பிப்ரவரி 21 அன்று டாக்காவில் துப்பாக்கிச் சூட்டில் மாணவர்கள் செத்தாங்க. 1999-ல் யுனெஸ்கோ தாய்மொழி தினமா அறிவிச்சது அந்தத் தேதியைத்தான். நம்ம வயசுப் பசங்க உயிரைக் கொடுத்த மொழியை, அதோட சொந்த எழுத்தில் படிக்கிறதுதான் மரியாதை. மொழிக்காக உயிர் போன ஊர்க்காரங்க நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

பி.கு: முதலில் அந்த ரூபாய் நோட்டின் இரண்டாவது வரியைப் படிங்க. அதில் 'டாக்கா' என்று ஒரு சொல் இருக்கும். ஊர் பேர் இல்லை, ரூபாய்க்கு வங்காளத்தில் அதான் பேர் :)