எழுதிப் பூட்டி வைக்கவா எழுத்து?

“முதலில் நன்றாக எழுதப் பழகு, பிறருக்குக் காட்டுவதைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம்.” எழுத ஆசைப்படும் மாணவனுக்கு நம்மவர் வழங்கும் அறிவுரை இது. அடக்கமும் பொறுப்பும் நிறைந்த வார்த்தைகளாகவே இவை தோன்றும். ஆயினும், தோன்றியிருக்க வேண்டிய எழுத்தாளர் பலரைக் கருவிலேயே அழித்த அறிவுரையும் இதுவேயாகும். வாசகனின்றி எழுத்து வளராது. தவணை தவறாது நாலு பேர் முன்னிலையில் எழுதி வைப்பவனே எழுத்தாளனாகிறான்.

வரலாறு கூறுவது யாது? சில மாதப் பள்ளிப்படிப்பு மட்டுமே பெற்று, கசான் நகரிலே ரொட்டிக் கிடங்கில் மாவு பிசைந்தவர் மாக்சிம் கார்க்கி. அவருடைய முதற் சிறுகதை 1892ஆம் ஆண்டில் திபிலிசி நகரத் தினசரி ஒன்றில் வெளிவந்தது. 1895, 1896ஆம் ஆண்டுகளில் அவர் சமாரா நகரப் பத்திரிகையில் அந்நகரத்து அன்றாட வாழ்வைப் பற்றி ஓயாது எழுதினார். அக்குறிப்புகள் யாவும் அமர இலக்கியமென்று எவரும் கூறார். ஆனால், பின்னர் ‘தாய்’ நாவலைப் படைத்த கை அங்கேயும் உரம் பெற்றது என்பதை மறுக்கவும் இயலாது.

பாரதி 1904இல் ‘சுதேசமித்திரன்’ உதவியாசிரியராக அமர்ந்தார். 1906 முதல் ‘இந்தியா’ வாரப் பத்திரிகையில் எழுதினார். அரண்மனைச் சபைக்காக மட்டும் பாடியிருப்பின் அவருடைய தமிழ் அத்துணை எளிமையும் வேகமும் பெற்றிருக்குமா? யாழ்ப்பாணத்திலே முடிதிருத்தும் தொழில் செய்த டொமினிக் ஜீவா 1966 ஓகஸ்டில் ‘மல்லிகை’யைத் தொடங்கியபோது எந்தப் பண்டித சபையின் அனுமதிக்காகவும் காத்திருக்கவில்லை. இதழ்களைத் தாமே சுமந்து சென்று விற்றார். வாசகனை வீதியிலே சந்தித்தார்.

அறுபதுகளின் தொடக்கத்தில், மக்களின் பேச்சுமொழியைக் கதைகளிலே கையாண்டவர்களை நோக்கி ‘இழிசனர் வழக்கு’ என்று பழித்தனர் மரபுவாதிகள். இன்று அச்சொல்லைப் பகிரங்கமாக உச்சரிக்கத் துணிவோர் அரியர். மனப்பான்மை மட்டும் மாண்டுவிடவில்லை. “எல்லோரும் எழுதப் புகுந்தால் குப்பை பெருகும்” என்று அது வேடம் மாறி வருகிறது. குப்பை பெருகும் என்பது உண்மையே. பூட்டி வைத்த கொப்பியிலே குப்பை இல்லையா? அங்கே அதைக் குப்பையென்று எடுத்துச் சொல்ல ஆளில்லை, அவ்வளவே வேறுபாடு.

நான் கற்பிப்பது கரையோரப் பாடசாலை ஒன்றில். ‘ஒரு மழைநாள்’ என்று கட்டுரை கொடுத்தேன். கூரை ஒழுகும் வீடுகளிலிருந்து வரும் பிள்ளைகள் அத்தனை பேரும் தோகை விரித்து மயிலை ஆடவிட்டிருந்தார்கள்! குற்றம் அவர்களுடையதன்று. மயிலுக்குத்தான் புள்ளி கிடைக்கும், ஒழுகும் கூரைக்குக் கிடையாது என்று கற்பித்தவர்கள் ஆசிரியர்களாகிய நாமே.

அதன் பின்னர், இரு வாரங்களுக்கு ஒருமுறை கையெழுத்தில் ஒரு சுவர்ப் பத்திரிகை நடத்தத் தொடங்கினோம். 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் விலை லீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்ந்தது. கடலுக்குப் போகாமற் கரையிலே கிடந்த தந்தையின் வள்ளத்தைப் பற்றி ஒரு மாணவி எழுதினாள். ‘எல்லாம் விதியின் கொடுமை’ என்று முடித்திருந்தாள். வாசித்த மாணவன் ஒருவன், “விலையைக் கூட்டியது விதியா?” என்று அதன் கீழ் எழுதி வைத்தான். இரண்டு நாட்கள் அவள் எவரோடும் முகங்கொடுத்துப் பேசவில்லை. அடுத்த இதழில் அதே கட்டுரை மீண்டும் வந்தது. அதில் விதி இல்லை. எண்ணெய்க் கணக்கு இருந்தது; மீனுக்கு வியாபாரி கொடுத்த விலை இருந்தது; தாய் அடகு வைத்த தோடு இருந்தது. என் சிவப்பு மை இத்தனை ஆண்டுகளிற் சாதிக்காததை அந்த ஒற்றைக் கேள்வி சாதித்துவிட்டது.

வெளியிட்டால் மட்டும் போதும் என்று நான் சொல்ல வரவில்லை. ஒருவர் முதுகை மற்றவர் சொறியும் புகழ்மாலைக் கூட்டம் பூட்டிய கொப்பியிலும் கேடு பயப்பது. அங்கே வாசகர் உண்டு, விமர்சனம் இல்லை. நாள் தவறாது எழுதுதல், கண்டதை எழுதுதல், குறை சொல்வோரை வரவேற்றல், சொன்ன குறை நியாயமாயின் திருத்தி எழுதுதல் ஆகிய நான்கும் சேர்ந்தாலே அது பயிற்சியாகும்.

இது வெறும் எழுத்துப் பயிற்சியைப் பற்றிய வாதமும் அன்று. வசதி படைத்தவனுக்கு அச்சகம் உண்டு, அறிமுகம் உண்டு, அணிந்துரை எழுதப் பேராசிரியர் உண்டு. கடற்றொழிலாளியின் மகளுக்கும் தோட்டத் தொழிலாளியின் மகனுக்கும் “தேர்ச்சி பெறும்வரை பொறுத்திரு” என்று சொல்வது, என்றென்றும் மௌனமாக இரு என்று சொல்வதேயாகும். அவர்கள் எழுதாவிடில் அவர்களுடைய வாழ்வைப் பிறர் எழுதுவர். அங்கே மறுபடியும் மயில்தான் ஆடும்.

ஆசிரிய நண்பர்களே, ஒரு தாளும் நாலு குண்டூசியும் ஒரு சுவரும் நம் ஒவ்வொருவருக்கும் எட்டும். மாணவ நண்பர்களே, ஆசிரியர் தொடங்கும்வரை நீங்களும் காத்திருக்க வேண்டியதில்லை.