பச்சைக் கோட்டும் இஹ்ராம் துணியும்



ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் மாதத்தில், அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்திலுள்ள அகஸ்டா நேஷனல் கழகத்தில் மாஸ்டர்ஸ் கோல்ஃப் போட்டி நடைபெறுகிறது. கோல்ஃப் உலகின் நான்கு மேஜர் போட்டிகளுள் ஆண்டுதோறும் முதலில் வருவது அதுவே. போட்டி நெருங்கும் ஒவ்வொரு முறையும் அந்த விளையாட்டின் அன்பர்களிடையே ஒரே விவாதம் மூள்கிறது. வீரர் என்ன உடுத்தலாம்? செய்தியாளர் முன் அவர் அமர்ந்தே ஆக வேண்டுமா? பழைய வழக்கங்களில் கை வைக்கலாமா? பெரும்பாலும் ஒரே சொல்லில் அந்த விவாதத்தை முடித்துவிடுகிறார்கள். அந்தச் சொல் 'மரபு'.

கோல்ஃப் நம் வீடுகளில் பேசப்படும் விளையாட்டன்று. எனினும் அந்த ஒற்றைச் சொல் நமக்குப் புதியதன்று. நம் மஹல்லாக்களிலும் எத்தனையோ நியாயமான கேள்விகளை வாசலிலேயே திருப்பி அனுப்புவது அதுதான். 'மரபு' என்று சொல்லிவிட்டால் வாதம் முடிந்துவிட்டது என்று கருதுவது பெரும் பிழை. ஒரு மரபு மனிதனின் ஆணவத்தைத் தணிக்கிறதா, வளர்க்கிறதா என்ற கேள்விக்கு விடை கிடைத்த பின்னரே அதை மதிப்பதா விடுவதா என்று முடிவு செய்ய முடியும்.

அகஸ்டாவின் புகழ்பெற்ற பச்சைக் கோட்டையே எடுத்துக்கொள்வோம். 1937-இல் கழக உறுப்பினர்கள் அதை அணியத் தொடங்கினர். வெளியிலிருந்து வரும் பார்வையாளர்கள் உறுப்பினரை அடையாளம் கண்டு, வேண்டியதைக் கேட்டறிய வேண்டும் என்பதே அன்று சொல்லப்பட்ட நோக்கம். 1949-இல் வெற்றி பெற்ற சாம் ஸ்னீட் முதல், வெற்றியாளருக்கும் அது அணிவிக்கப்படுகிறது. அவர் ஓராண்டு அதைத் தம்முடன் எடுத்துச் செல்லலாம். பிறகு கழகத்திற்குத் திருப்பித் தந்துவிட வேண்டும். எளிய தோற்றத்தில் தொடங்கிய அந்தக் கோட்டு, காலப்போக்கில் உள்ளே இருப்பவர் யார், வெளியே நிற்பவர் யார் என்று காட்டும் எல்லைக் கோடாக மாறிற்று.

அதே மைதானத்தில் இன்னோர் ஆடையும் உண்டு. வீரர்களின் மட்டைப் பையைச் சுமந்து நடக்கும் கேடிகள் அணியும் வெள்ளை அங்கி. 1982 வரை மாஸ்டர்ஸில் ஆடும் வீரர் தம் சொந்தக் கேடியை அழைத்து வர இயலாது. கழகத்தின் கேடிகளையே அமர்த்திக்கொள்ள வேண்டும். அந்தக் கேடிகள் கறுப்பினத்தவர். போட்டி தொடங்கியது 1934-இல். அங்கே ஆடிய முதல் கறுப்பின வீரர் லீ எல்டர். அவர் ஆடியது 1975-இல். கழகம் முதல் கறுப்பின உறுப்பினரைச் சேர்த்துக்கொண்டது 1990-இல். ஆக, நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கறுப்பர் அந்தப் புல்வெளியில் பை சுமந்து நடந்தார். மட்டை பிடித்துப் போட்டியிட அவருக்கு இடமில்லை. அகஸ்டா மட்டுமே இப்படி என்றும் சொல்வதற்கில்லை. அமெரிக்கத் தொழில்முறை கோல்ஃப் வீரர்களின் சங்கமாகிய பிஜிஏ, வெள்ளையர் மட்டுமே உறுப்பினராகலாம் என்ற விதியை 1961 வரை தன் சட்டத்தில் எழுதியே வைத்திருந்தது. இவை அனைத்தும் அவரவர் காலத்தில் 'மரபு' என்றே அழைக்கப்பட்டன.

அந்தக் கழகத்தை நிறுவிய இருவருள் ஒருவர் பாபி ஜோன்ஸ். 1925-ஆம் ஆண்டின் யு.எஸ். ஓப்பன் போட்டியில், அவர் அடிக்க முனைந்தபோது பந்து மிகச் சிறிதளவு அசைந்தது. வேறு எவரும் அதைப் பார்க்கவில்லை. நடுவர்களும் அவர் முடிவுக்கே விட்டார்கள். தம் மீது தாமே ஒரு அடி தண்டனையை அவர் விதித்துக்கொண்டார். இறுதியில் சமநிலை முறிக்கும் ஆட்டத்தில் வில்லி மக்ஃபார்லேனிடம் தோற்றுக் கோப்பையை இழந்தார். எவரும் காணாத இடத்திலும் நேர்மை தவறாத இந்தப் பண்பை நாம் அமானிதம் என்போம், மனமுவந்து போற்றுவோம். ஆனால் பந்தின் நுண்ணிய அசைவைக் கண்ட அதே கண்கள், தாம் நிறுவிய கழகத்தில் ஓர் இனமே வெள்ளை அங்கிக்குள் நிறுத்தப்பட்டிருந்ததைப் பார்த்தும் அதற்குரிய தண்டனையை எவர் மீதும் விதிக்கவில்லை. சிறிய விதியில் பேணுதலும் பெரிய அநீதியில் பாராமுகமும் ஒரே மனிதரிடம் அமைதியாகக் குடியிருக்க முடியும். அஞ்ச வேண்டியது இதைத்தான்.

நமக்கு இந்த நோய் புதிதன்று. இஸ்லாத்திற்கு முந்தைய மக்காவில் குறைஷியர் தம்மை 'ஹும்ஸ்' என்று அழைத்துக்கொண்டனர். ஹஜ்ஜில் பிறர் அனைவரும் அரஃபாத் வரை சென்று நிற்க, இவர்கள் மட்டும் ஹரம் எல்லையைத் தாண்டாமல் முஸ்தலிஃபாவிலேயே தங்கிவிடுவர். வெளியூரிலிருந்து வருபவர் கஅபாவை வலம்வர வேண்டுமெனில் ஹும்ஸ்காரரிடம் ஆடை பெற வேண்டும். கிடைக்காதவர் ஆடையின்றியே வலம்வந்தனர். தம் உயர்வைக் காட்ட வணக்கத்திற்குள்ளேயே ஓர் ஆடைக் கட்டுப்பாட்டைப் புகுத்தினார்கள். அதற்கு முன்னோர் வழக்கம் என்று பெயரும் இட்டார்கள்.

அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அந்த வழக்கத்தோடு சமரசம் செய்துகொள்ளவில்லை. ஹிஜ்ரி 9-ஆம் ஆண்டு ஹஜ்ஜில், இனி எவரும் ஆடையின்றி வலம்வரக் கூடாது என்று அறிவிக்கச் செய்தார்கள். மறு ஆண்டு தாமே ஹஜ்ஜுக்கு எழுந்தருளியபோது, முஸ்தலிஃபாவில் நின்றுவிடுவார்கள் என்று குறைஷியர் எதிர்பார்த்திருக்க, அதைக் கடந்து அரஃபாத்திற்குச் சென்று மக்களோடு மக்களாக நின்றார்கள். அங்கே ஆண்களின் உடலில் இருந்தவை தைக்கப்படாத இரண்டு துணிகள் மட்டுமே. மன்னனும் கூலியாளும் வேறுபாடு தெரியாமல் நிற்கும் உடை அது. பச்சைக் கோட்டு மனிதர்களைப் பிரித்துக் காட்டுகிறது. இஹ்ராம் அந்தப் பிரிவை அழித்துவிடுகிறது. இரண்டும் ஆடை மரபுகள்தாம். ஆயினும் இரண்டையும் ஒரே தட்டில் வைப்பவர் அறிவுக்குத் துரோகம் செய்கிறார்.

இனி இன்றைய ஆடை விவாதத்திற்கு வருவோம். மேஜர் போட்டிகளில் ஆண்கள் அரைக்கால் சட்டையுடன் போட்டியிட இன்றும் அனுமதியில்லை. பிஜிஏ சாம்பியன்ஷிப் 2017-இல் பயிற்சிச் சுற்றுகளுக்கு மட்டும் அதைத் தளர்த்தியது. 2024 மாஸ்டர்ஸில் ஆஸ்திரேலிய வீரர் ஜேசன் டே, பெரிய எழுத்துகள் பொறித்த மேலங்கி ஒன்றை அணிந்து ஆட, அதைக் கழற்றும்படி அமைப்பாளர்கள் கேட்டுக்கொண்டனர், அவரும் இணங்கினார். பெண்களின் எல்பிஜிஏ அமைப்பு 2017-இல் கழுத்து தாழ்ந்த மேலாடைக்கும் குட்டைப் பாவாடைக்கும் வரம்பு விதித்து, மீறுவோருக்கு 1000 டாலர் அபராதம் என்று அறிவித்தது.

பொதுவிடத்தில் ஆடைக்கு ஓர் ஒழுங்கு வேண்டும் என்பதில் நமக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் ஒன்றைக் கேட்காமல் இருக்க முடியவில்லை. செல்வந்தர் கழகம் ஆணின் முழங்காலை மூடச் சொன்னால் அது கண்ணியம். ஒரு முஸ்லிம் பெண் தன் இறையச்சத்தால் தலையை மூடினால் அது அடிமைத்தனம். இது எந்த ஊர் நீதி? 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் பிரான்ஸ் தன் அணியின் பெண்களுக்கு ஹிஜாபைத் தடை செய்ததே! ஆடை விதியே சுதந்திரத்திற்குப் பகை என்பார், அகஸ்டாவின் வாசலிலும் அதே குரலில் பேச வேண்டும். அங்கே மௌனம் காத்து இங்கே முழங்குவோருக்கு விதி ஒரு பொருட்டன்று. விதியை இடுபவர் யார் என்பதே பொருட்டு.

நேர்காணல் பற்றிய சச்சரவிலும் இதே கோணலைக் காண்கிறோம். 2025 ஏப்ரலில் மாஸ்டர்ஸை வென்று, நான்கு மேஜர்களையும் வென்றவர் வரிசையில் சேர்ந்தார் வட அயர்லாந்தின் ரோரி மெக்கில்ராய். அடுத்த மாதம் பிஜிஏ சாம்பியன்ஷிப்பின்போது, அவருடைய மட்டை ஒன்று அளவுச் சோதனையில் தேறவில்லை என்ற செய்தி கசிந்தது. அந்தப் போட்டியின் நான்கு நாட்களும் அவர் செய்தியாளரிடம் பேசவில்லை. உடனே எழுந்தது கூச்சல்: மௌனம் குற்றத்தின் ஒப்புதல் என்றார்கள், ரசிகருக்குப் பட்ட கடனைத் தீர்க்க மறுக்கிறார் என்றார்கள். அதே வாரம் உலகின் முதல்நிலை வீரர் ஸ்காட்டி ஷெஃப்லரின் மட்டையும் அந்தச் சோதனையில் தேறவில்லை என்பது பின்னர் அவர் வாயாலேயே தெரியவந்தது. இரகசியமாக இருக்க வேண்டிய ஒரு முடிவைக் கசியவிட்டவரை விட்டுவிட்டு, கோபத்தில் வாயடக்கியவரைக் குற்றவாளியாக்கினார்கள். தீய எண்ணம் கொள்வதையும் துருவித் துருவி ஆராய்வதையும் நம் மார்க்கம் தடுப்பது ஏன் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் வேண்டுமா?

ஆனால் 2012 ஏப்ரலில் அதே அகஸ்டாவில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். பெண் எவரும் உறுப்பினராக இல்லாத அந்தக் கழகத்தின் தலைவர் பில்லி பெய்னிடம் செய்தியாளர்கள் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். உறுப்பினர் விவகாரம் கழகத்தின் அந்தரங்கம் என்று அவர் விடைகூற மறுத்தார். அன்பர்களில் பலர் அதை மரபு என்று ஏற்றுக்கொண்டனர். அதிகாரம் ஏதுமற்ற ஆட்டக்காரர் பேசாவிட்டால் குற்றம். கதவின் சாவியைக் கையில் வைத்திருப்பவர் பேசாவிட்டால் மரபு! அந்த ஆண்டு ஆகஸ்டில் காண்டலீசா ரைஸும் டார்லா மூரும் உறுப்பினராயினர். கேள்வி ஓயாமல் கேட்கப்பட்ட பிறகே கதவு திறந்தது.

கலீஃபா உமர் (ரலி) அவர்களைப் பற்றி ஒரு நிகழ்ச்சி நம்மிடையே வழங்கி வருகிறது. எல்லோருக்கும் ஒரு துணி பங்கிடப்பட்டிருக்க, உயரமான தங்கள் உடலில் இரண்டு துணியின் ஆடை இருப்பது எப்படி என்று சபையில் ஒருவர் எழுந்து கேட்டார். இது என் அந்தரங்கம் என்று அவர்கள் சொல்லவில்லை. தம் மகனை எழுப்பிப் பதில் சொல்லச் செய்தார்கள். மகன் தன் பங்கைத் தந்தைக்குக் கொடுத்திருந்தார். கேள்விக்குக் கடமைப்பட்டவர் பொறுப்பைச் சுமப்பவரே என்ற இலக்கணம் இதில் இருக்கிறது.

மாறவே மாறாது என்று அவர்கள் நம்பிய மரபுகள் எவ்வளவு விரைவில் மாறின என்பதையும் பாருங்கள். 1754-இல் தோன்றிய செயின்ட் ஆண்ட்ரூஸ் கழகம் 260 ஆண்டுகள் கழித்து 2014-இல் பெண்களைச் சேர்த்துக்கொள்ள வாக்களித்தது. ஸ்காட்லாந்தின் மியூர்ஃபீல்ட் மைதானத்தை உடைய கழகத்தில் 2016-இல் 64 விழுக்காட்டினர் ஆதரித்தும், மூன்றில் இரு பங்கு கிடைக்காமையால் தீர்மானம் தோற்றது. இனி ஓப்பன் போட்டி அங்கே நடவாது என்று அறிவிக்கப்பட்டது. அடுத்த ஆண்டே 80 விழுக்காட்டினர் ஆதரித்தனர். ஓராண்டில் அவர்களுக்குப் பிறந்தது ஞானமா, போட்டியை இழக்கும் அச்சமா? வெளியிலிருந்து அடி விழும்வரை காத்திருந்து திருந்துபவருக்குத் திருந்தியதில் பெருமை இல்லை.

பழையன எல்லாம் கழிக என்பது என் கட்சியன்று. மாஸ்டர்ஸ் போட்டி நாட்களில் பார்வையாளர் கைபேசி கொண்டுவரக் கூடாது. மைதானத்தில் ஓடக் கூடாது. ஒருவர் தம் நாற்காலியை வைத்துவிட்டுச் சென்றால் அந்த இடம் அவருக்கே உரியது. அவர் வரும்வரை பிறர் அமரலாம், வந்ததும் எழுந்துவிட வேண்டும். ஆணவத்தைத் தணித்து அடுத்தவர் உரிமையைக் காக்கும் இத்தகைய வழக்கங்கள் நிலைக்கட்டும். நேர்காணல் மேடையும் நிலைக்கட்டும். 2025 ஜூலையில் ஓப்பன் போட்டிக்கு முன் அதே ஷெஃப்லர், வெற்றியின் மகிழ்ச்சி சில நிமிடங்களே நிற்கிறது, அது உள்ளத்தின் ஆழத்தை நிறைப்பதில்லை என்ற கருத்தை அங்கேதான் வெளிப்படுத்தினார். சில நாட்களில் கோப்பையையும் வென்றார். உலகம் தரும் இன்பம் அற்பம் என்பதை அதன் உச்சியில் நிற்பவர் வாயிலிருந்து கேட்பதும் ஒரு படிப்பினையே.

இறுதியாக, நம் வாசலுக்கு வருவோம். பேரனின் முழங்கால் தெரிகிறது என்று தெருவில் நிறுத்திக் கேட்கும் நாம், வக்ஃபு வருமானத்தின் கணக்கைப் பொறுப்பாளரிடம் கேட்பதுண்டா? கேட்டவரைக் 'குழப்பவாதி' என்று முத்திரை குத்தியதில்லையா? தொழுகை வரிசையில் தோளோடு தோள் நின்றுவிட்டு, நிக்காஹ் விருந்தில் செல்வருக்கு ஒரு பந்தி, ஏழைக்கு ஒரு பந்தி என்று பிரித்ததில்லையா? அல்லாஹ்வின் பள்ளிகளுக்குப் பெண்கள் வருவதைத் தடுக்க வேண்டாம் என்று நபி (ஸல்) அவர்கள் கூறியிருக்க, 'எங்கள் ஊர் வழக்கம்' என்று சொல்லிக் கதவடைத்த பள்ளிகள் நம்மிடையே இல்லையா? முன்னோரைக் கண்டோம், அவ்வாறே செய்கிறோம் என்றவர்களைத் திருமறை பல இடங்களில் கண்டிக்கிறது. அந்தக் கண்டனத்தைக் குறைஷியருக்கு மட்டும் உரியதாக ஓதி முடித்துவிட்டால் நாம் ஓதியதில் பயனில்லை.

பச்சைக் கோட்டைப் பார்த்துச் சிரிப்பது எளிது. நம் அலமாரியில் தொங்கும் கோட்டைக் கழற்றுவதே கடினம். கஃபன் துணிக்கு முன் அதைக் கழற்றிவிடும் நல்லருளை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் வழங்குவானாக. ஆமீன்.