குழி விழுந்த பின்னரா கணக்கு?

சாலை ஒரே இரவில் கெட்டுவிடுவதில்லை. முதலில் தாரின்மேல் மயிரிழை போல ஒரு வெடிப்புத் தோன்றுகிறது. அதன் வழியே மழைநீர் இறங்குகிறது. தாருக்கும் சல்லிக்கும் உள்ள பிடிப்பை நீர் தளர்த்துகிறது. அடியிலுள்ள மண் இளகுகிறது. மேலே ஓடும் பாரவண்டி மிச்ச வேலையை முடித்துவிடுகிறது. குழியைக் கண்டு நாம் திடுக்கிடும் நாள், நோய் தொடங்கிய நாள் அன்று, முற்றிய நாள்.

சென்ற மழைக்காலத்தில் என் விடுதித் தோழர் ஒருவர், தேங்கிய நீரில் மறைந்திருந்த குழியொன்றில் இருசக்கர வண்டியோடு விழுந்தார். மணிக்கட்டு முறிந்தது, அந்தப் பருவத்துச் செய்முறைத் தேர்வு போயிற்று. பத்து நாள் கழித்து அக்குழியில் ஒரு கூடைச் செம்மண்ணைக் கொட்டினார்கள். அடுத்த மழையில் செம்மண் போயிற்று, குழி நின்றது. அந்த ஒரு கூடைச் செம்மண்தான் இக்கட்டுரையை எழுதத் தூண்டிற்று.

பொறுப்பு யாருடையது? சித்தூரையும் திருப்பதியையும் எடுத்துக்கொள்வோம். சித்தூர் வழியே செல்லும் 40-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலைக்கு அதிகாரிகள் வேறு. மாநிலச் சாலைகளுக்குச் சாலை, கட்டடத் துறை உண்டு. 1944-இலும் 1974-இலும் திறக்கப்பெற்ற திருமலைப் பாதைகள் இரண்டும் தேவஸ்தானத்தைச் சார்ந்தவை. எஞ்சிய தெருக்களும் சந்துகளும் மாநகராட்சியின் கையில். ஒரு மணி நேரப் பயணத்தில் நான்கு எசமானர்களின் எல்லையைக் கடக்கிறோம்! எது எவருடையது என்பதைச் சாமானியன் எவ்வாறு அறிவான்?

அரசியலமைப்பின் 74-ஆம் திருத்தம் 1993 ஜூன் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அதனால் சேர்ந்த 12-ஆம் அட்டவணையில், நகராட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்க 18 பணிகளுள் சாலைகளும் பாலங்களும் இடம் பெற்றன. ஏட்டில் எழுதினால் போதுமா? திருப்பதி மாநகராட்சி ஆனது 2007-இல். மாநகராட்சிக்கென முதல் தேர்தல் நடந்ததோ 2021 மார்ச்சில்! தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லாத ஊரில், தெருக்குழியைக் காட்டி எவரைக் கேட்பது? தேர்தலைக் காலத்தில் நடத்துவதும் சாலைப் பராமரிப்பின் ஒரு பகுதியே என்பேன்.

"பணம் இல்லையே!" என்பார்கள். இது முழுப் பொய்யன்று. உள்ளூர் மன்றங்களின் வருவாய் குறைவுதான். ஆனால் பணம் குறைந்தவனுக்கே கணக்கு அதிகம் வேண்டும். வெடிப்பை அடைக்கச் சிறிது தார் போதும். அடித்தளம் கெட்டபின் சாலையைத் தோண்டி மறுபடி போட வேண்டும். சிறு செலவுக்கு அஞ்சிப் பெருஞ்செலவைத் தேடிக்கொள்வது சிக்கனமா?

பங்கீட்டிலும் அறிவியல் வேண்டும். 1950-களின் இறுதியில் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் சாலைகளைப் போட்டு, அவற்றின்மேல் வண்டிகளை ஓட்டிச் சோதித்தார்கள். அதிலிருந்து கிடைத்த விதி வியப்பானது: அச்சின் பாரம் இருமடங்கானால், சாலைக்கு நேரும் சேதம் ஏறத்தாழ 16 மடங்காகும். மாம்பழமும் கருங்கல்லும் ஏற்றிய லாரிகள் ஓடும் சித்தூர்ச் சாலையும், மிதிவண்டி ஓடும் சந்தும் ஒன்றாகுமா? வட்டத்துக்கு இவ்வளவு என்று சமமாகப் பிரிப்பது உறுப்பினர்களுக்கு நீதியாகத் தோன்றலாம். சாலைக்கு அது நீதியன்று.

2021 நவம்பரில் பெய்த பெருமழையில் திருப்பதித் தெருக்கள் வெள்ளக்காடாயின. மலைப்பாதையிலும் மண் சரிந்தது. அத்தகைய மழையை எந்த மன்றமும் தடுக்க இயலாது. ஆனால் ஆண்டுதோறும் ஐப்பசியில் வரும் மழை சொல்லாமல் வருவதில்லையே! சாலையின் முதற்பகைவன் நீர். இருநூறு ஆண்டுகளுக்கு முன் மெக்காடம் வற்புறுத்தியதும் இதுதான்: அடிமண் உலர்ந்திருந்தால் சாலை நிற்கும். ஆகவே சாக்கடையைத் தூர் வாருவதும் சாலை வேலையே.

நான் வேண்டுவன மூன்று. ஒன்று, ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு பதிவேடு: யார் பொறுப்பு, எந்த ஆண்டு போட்டது, என்ன செலவு, எவர் ஒப்பந்தம், எப்போது பார்வையிட்டது என்பன அதில் இருக்கட்டும், பொதுமக்கள் பார்க்கும்படியும் இருக்கட்டும். இரண்டு, புரட்டாசி முடியுமுன் வெடிப்புகளை அடைத்து, கால்வாய்களைச் சுத்தம் செய்து, அதற்கான தொகையை வேறெதற்கும் தொடாமல் ஒதுக்கிவைத்தல். மூன்று, குழாயும் கம்பியும் புதைப்போர் முதலில் புதைக்கட்டும். தார் பிறகு வரட்டும். இன்று போட்டு நாளை வெட்டுவது மக்கள் பணத்தை வெட்டுவதாகும்.

"நீ பிழைக்கவும் படிக்கவும் வந்த தமிழன், உனக்கேன் இந்த ஊர்க் கவலை?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். 1953 வரை ஒரே மாகாணமாய் இருந்த நிலம் இது. அந்தப் பழைய எல்லை வழக்கை நான் இங்கே எழுப்ப வரவில்லை. இங்கே எனக்கு வாக்கில்லை. ஆயினும் இந்தத் தெருவில்தான் நாள்தோறும் நடக்கிறேன். தெலுங்கு பேசும் காலும் தமிழ் பேசும் காலும் ஒரே குழியில்தான் இடறுகின்றன.

மாணவத் தோழர்களே! விடுமுறையில் இரண்டிரண்டு பேராகச் சென்று, விடுதியைச் சுற்றியுள்ள தெருக்களின் வெடிப்புகளையும் அடைபட்ட கால்வாய்களையும் குறித்துப் பட்டியல் எடுப்போம். தெலுங்கில் எழுதத் தெலுங்கு நண்பர்களை அழைப்போம். மழைக்கு முன் அப்பட்டியலை மன்றத்தில் சேர்ப்போம். என் தோழரின் மணிக்கட்டு கூடிவிட்டது. குழி இன்னும் அங்கேயே இருக்கிறது. அதுவே நம் பட்டியலின் முதல் வரியாகட்டும்.