வண்டி செத்துச் செத்துப் பிழைத்தால்

ஓடிக்கொண்டிருக்கும் பழைய கார் திடீரென்று மொத்தமாக அணைகிறது. பத்து விநாடி கழித்து ஒன்றுமே நடக்காததுபோல் உயிர் பெறுகிறது. பட்டறைக்குக் கொண்டுபோனால் முதலில் வரும் வார்த்தை, "பேட்டரி மாத்திடலாம் சார்." அது பலிக்காவிட்டால் ஆல்டர்னேட்டர். அதற்கும் மசியாவிட்டால் காயில். இதை நான் ரிப்பேர் என்று சொல்லமாட்டேன், குறி சொல்வது என்றுதான் சொல்வேன். பஞ்சாலையில் மின்பிரிவில் 31 வருடம் குப்பை கொட்டியவன் என்பதால் கொஞ்சம் உரிமையோடு பேசுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மனைவியின் தம்பியிடம், எங்கள் மாமனார் 1974-ல் வாங்கிய அம்பாசடர் இருக்கிறது. வெளியே பார்த்தால் அதே பழைய வண்டி. உள்ளே பாதி வேறு. டைனமோ போய் ஆல்டர்னேட்டர் வந்தது. ஹெட்லைட்டுக்கு 100 வாட் ஹாலஜன் பல்புகள் வந்தன. அப்புறம் ஏ.சி., அதற்கு ஒரு ஃபேன், பாட்டுப் பெட்டி, செல்போன் சார்ஜர். ஒவ்வொன்றும் ஒவ்வொரு வருடத்தில், ஒவ்வொரு கடையில் மாட்டியது. ஒரு கடைக்காரர் செய்தது அடுத்தவருக்குத் தெரியாது. காகிதத்தில் ஒரு கோடுகூடக் கிடையாது.

போன வருடம் குடும்பத்தோடு பழனிக்குப் போய்விட்டு இரவில் கோவை திரும்பும்போது, உடுமலை தாண்டி ஹெட்லைட்டும் எஞ்சினும் சேர்ந்தாற்போல் போய்விட்டன. பின்னால் லாரி. பின்சீட்டில் இரண்டு பேரக்குழந்தைகள். பின்விளக்கும் எரியாத வண்டியை அந்த டிரைவர் எப்படித்தான் பார்த்தாரோ, ஒடித்துத் திருப்பிப் போய்விட்டார். வண்டி ஒரு புளியமரத்தடியில் நின்று, கொஞ்ச நேரத்தில் தானாகவே உயிர் பெற்றது.

இதற்குள் அந்த வண்டிக்குப் புது பேட்டரி, புது ஆல்டர்னேட்டர், புது காயில் என்று ஏறத்தாழ 18,000 ரூபாய் ஆகியிருந்தது. "பழைய இரும்புக்குப் போட்டுடறேன் மாமா" என்றார் மாப்பிள்ளை. அவர் வீட்டம்மா அதில் ஏறவே மாட்டேன் என்று சொல்லிவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது.

வந்து வந்து போகும் கோளாறில், கேள்விதான் முதல் கருவி. அணையும்போது என்னென்ன சேர்ந்து அணைகிறது? எஞ்சின் மட்டும் நின்று ஹெட்லைட் எரிந்தால், சாவி ஸ்விட்சிலும் அதற்குப் பின்னாலும் தேட வேண்டும். ஏனென்றால் இந்த மாதிரிப் பழைய வண்டிகளில் ஹெட்லைட்டும் ஹாரனும் சாவி வழியாகப் போவதில்லை. ஹாரன், லைட், எஞ்சின் எல்லாம் ஒன்றாகப் போனால், எல்லாவற்றுக்கும் பொதுவான வழியில்தான் அறுபடுகிறது. பேட்டரி டெர்மினல், எர்த் பட்டை, செல்ஃப் மோட்டார் சுவிட்சிலிருந்து டாஷ்போர்டுக்கு வரும் மெயின் ஒயர், ஆம்மீட்டர், இவ்வளவுதான். காயிலுக்கு இதில் சம்பந்தமே இல்லை. இந்த ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால் அந்தக் காசு மிச்சம்.

எப்போது அணைகிறது என்பது இரண்டாவது கேள்வி. கிளம்பி அரைமணி கழித்து, ஏ.சி.யும் ஹெட்லைட்டும் சேர்ந்து ஓடும்போதுதான் என்றார். அதாவது சுமை ஏறி, சூடு ஏறிய பிறகு.

மூன்றாவதாக ஒன்று சொன்னார். எஞ்சின் ஓடும்போதும் ஆம்மீட்டர் முள் எப்போதும் மைனஸ் பக்கமே சாய்ந்திருக்குமாம். சார்ஜ் ஏறவில்லை என்று அதைப் பார்த்துத்தான் ஆல்டர்னேட்டரை மாற்றியிருக்கிறார்கள். நான் மீட்டரை பேட்டரியில் வைத்துப் பார்த்தேன். எஞ்சின் நிற்கும்போது 12.6 வோல்ட், ஓடும்போது 14. சார்ஜ் நன்றாகவே ஏறுகிறது! அப்படியானால் முள் ஏன் மைனஸ் காட்டுகிறது? ஆல்டர்னேட்டர் மாட்டியவர் அதிலிருந்து தடிமனான ஒயரை நேரே பேட்டரிக்கு இழுத்துவிட்டார். அது சரியான வேலைதான். ஆனால் வண்டிக்குள் போகும் மின்சாரம் அத்தனையும் 1974-ன் அதே மெல்லிய ஒயரில், அதே ஆம்மீட்டர் வழியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஏ.சி., ஃபேன் எல்லாம் பிற்பாடு அந்த வழியிலேயே தொற்றிக்கொண்டவை. முள் சரியாகத்தான் சொல்லியிருக்கிறது.

பட்டறையில் நிற்கும்போது வண்டி ஒழுங்காகத்தான் இருக்கும். அதனால் மூன்று சின்ன பார்க்கிங் பல்புகளை எடுத்துக்கொண்டேன். ஒன்று செல்ஃப் சுவிட்சில் பேட்டரி ஒயர் வந்து சேரும் போல்ட்டிலிருந்து, ஒன்று ஆம்மீட்டர் தாண்டி, ஒன்று சாவி தாண்டி. மூன்றுக்கும் மைனஸ் ஒயரை பாடியில் கொடுக்காமல் பேட்டரியிலிருந்தே நேரே கொடுத்தேன். பல்புகளைக் கண்ணாடி முன் டேப் போட்டு ஒட்டிக்கொண்டு, பகல் வெளிச்சத்தில் எல்லாவற்றையும் போட்டுவிட்டுப் பொள்ளாச்சி ரோட்டில் கிளம்பினோம். மூன்றும் எரிந்துகொண்டிருக்க வண்டி செத்தால் எர்த் கோளாறு. மூன்றாவது மட்டும் அணைந்தால் சாவி. கிணத்துக்கடவு வருவதற்குள் வண்டி நின்றது. முதல் பல்பு எரிந்தது, மற்ற இரண்டும் இல்லை.

டாஷ்போர்டைக் கழற்றினால் ஆம்மீட்டரின் பின்னால் திம்பிள் கருகி, ஒயரின் மேலுறை சுட்ட அப்பளம்போல் பொரிந்திருந்தது. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் இருட்டோடு போயிருக்காது, தீயே பிடித்திருக்கும். அந்த வழியில் ஃப்யூஸ் கிடையாது.

இதில் ஒரு சின்னக் கணக்கு. அந்த நட்டு இடுக்கில் 0.05 ஓம் தடை என்று வையுங்கள். சாதாரண மீட்டரில் ஓம் வைத்துப் பார்த்தால் பூஜ்யம் என்றே காட்டும், நல்ல கனெக்‌ஷன் என்று நகர்ந்துவிடுவீர்கள். ஆனால் 40 ஆம்பியர் ஓடும்போது அங்கே 2 வோல்ட் விழும், 80 வாட் சூடாகும். வீட்டில் பற்றவைக்கும் சால்டரிங் அயர்ன் 25 வாட். மூன்று அயர்னை டாஷ்போர்டுக்குப் பின்னால் செருகி வைத்ததற்குச் சமம். அதனால் லூஸ் கான்டாக்ட்டை ஓமில் தேடாதீர்கள். சுமையைப் போட்டுவிட்டு, இணைப்பின் இரு பக்கமும் மீட்டரை வைத்து வோல்ட் பாருங்கள்.

இதற்காக மெக்கானிக்குகளை மட்டும் திட்ட எனக்கு மனம் வரவில்லை. பேட்டரி விற்றால் அவருக்கு நாலு காசு நிற்கிறது. அரைநாள் குனிந்து தேடி, ஒரு நட்டை முடுக்கிவிட்டு 800 ரூபாய் கேட்டால் நாம் என்ன சொல்வோம்? "ஒரு நட்டு முடுக்க எண்ணூறா?" தேடியதற்குக் கூலி கொடுக்கும் பழக்கம் நம்மிடம் இல்லை. டாக்டர் பார்த்ததற்கு ஃபீஸ் கொடுக்கிறோம், வக்கீல் யோசித்ததற்குக் கொடுக்கிறோம். எலக்ட்ரீஷியனுக்கு மட்டும் கையில் ஒரு சாமான் இருந்தால்தான் காசு. பிறகு அவர் சாமான் மாற்றாமல் என்ன செய்வார்? பழைய வண்டி வைத்திருப்பவர்கள் முதலிலேயே சொல்லிவிடுங்கள்: "தேடுங்க, தேடின நேரத்துக்குத் தனியாத் தர்றேன். கேக்காம எதையும் மாத்த வேண்டாம்."

கூடவே, எதை மாட்டினாலும் ஒரு படம் வரைந்து வாங்கிக்கொள்ளுங்கள். எந்த நிற ஒயர் எங்கிருந்து எங்கே என்று நோட்டுத் தாளில் கிறுக்கியிருந்தாலும் போதும். பழைய வண்டியில் புதுச் சாமான் போடக்கூடாது என்று சொல்பவன் அல்ல நான். ஏ.சி. இல்லாமல் சித்திரை வெயிலில் என்னாலும் போக முடியாது. புதுச் சுமை வந்தால் அதற்குத் தனி ஒயர், தனி ஃப்யூஸ், ரிலே வேண்டும், அவ்வளவுதான்.

மாப்பிள்ளை வண்டியில் செல்ஃப் சுவிட்சிலிருந்து 10 சதுர மில்லிமீட்டர் ஒயர் இழுத்து, தொடக்கத்திலேயே 60 ஆம்பியர் ஃப்யூஸ் போட்டு, ஹெட்லைட்டையும் ஃபேனையும் ரிலேயில் விட்டோம். ஒயர், ரிலே, எலக்ட்ரீஷியன் கூலி எல்லாம் சேர்த்து 3,000 ரூபாய்க்குள் முடிந்தது. ஆம்மீட்டருக்குப் பதில் ஒரு வோல்ட்மீட்டர் வைத்திருக்கிறோம். பழையதைக் கழற்றிப் போட அவருக்கு மனமில்லை, அப்பா பார்த்துப் பார்த்து ஓட்டிய முள்ளாம். ஒயர் எதுவும் இல்லாமல் அது பூஜ்யத்தில் நிற்கிறது.