கார் வாங்கவும் தகுதி வேண்டுமாம்!

2016 ஆம் ஆண்டு அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்து நீதிமன்றம் ஒன்றில் விசித்திரமான வழக்கொன்று தாக்கலாயிற்று. வழக்காளி பிரெஸ்ரன் ஹென் என்னும் பெருஞ்செல்வர். பெராரிக் கார்கள் பலவற்றை வாங்கியவர். லாபெராரி அப்பேர்ட்டா என்னும் திறந்த கூரைக் காரொன்றைப் பெற விரும்பி, பத்து இலட்சம் டொலருக்கான காசோலையைக் கம்பனித் தலைவருக்கே அனுப்பிவைத்தார். காசோலை திரும்பி வந்தது. அக்காரை வாங்கும் தகுதி தமக்கில்லை என்று சொல்லப்பட்டது தமது நற்பெயருக்கு இழுக்கு என்பதே அவருடைய முறைப்பாடு. வழக்கு என்னவாயிற்று என்பது நமக்கு முக்கியமன்று. கையிலே பணத்துடன் நின்ற கோடீசுவரர் ஒருவரையே வியாபாரம் ‘தகுதியில்லாதவர்’ என்று திருப்பி அனுப்பிற்று என்பதுதான் முக்கியம்.

கோடீசுவரர்கள் தமக்குள் பிணங்கிக்கொள்வதில் ஆசிரியருக்கும் மாணவருக்கும் என்ன அக்கறை என்று வாசகர் கேட்கலாம். நியாயமான கேள்வியே. அச்செல்வரிடத்து நமக்கு அனுதாபம் எதுவுமில்லை. ஆனால், பணத்தின் முன் எல்லோரும் சமம், விலை கொடுப்பவனுக்கே பண்டம் உரியது, குலத்தையும் கோத்திரத்தையும் சந்தை கேட்பதில்லை என்பதன்றோ முதலாளித்துவத்தின் துதிபாடகர் நமக்கு இடையறாது செய்துவரும் போதனை? அந்தப் போதனை அவர்களுடைய சொந்த மாளிகையின் உச்சி மாடத்திலேயே பொய்க்கிறது. அதை ஆராயாது விடுவது தவறு.

முதலில் இவ்வியாபாரம் நடைபெறும் முறையைப் பார்ப்போம். ஓராண்டில் எத்தனை கார்கள் செய்வது என்பதைத் தொழிற்சாலை தீர்மானிக்கிறது. அவற்றை நாடு நாடாகவும், நாட்டுக்குள் முகவர் முகவராகவும் பங்கிடுகிறது. முகவரின் கைக்கு வரும் பங்கு சிறிது; கேட்போர் பலர். அப்போது முகவர் தமது பேரேட்டைப் புரட்டுகிறார். இவர் முன்னர் எத்தனை கார்கள் வாங்கினார்? அதிகம் விலைபோகாத சாதாரண வகைகளையும் மனங்கோணாது வாங்கினாரா? விலையுயர்ந்த மேலதிக அலங்காரங்களைக் கேட்டுப் பெற்றாரா? வாங்கிய காரை இலாபத்துக்கு விற்றுவிட்டாரா, அல்லது நம்மிடமே திருப்பிக் கொணர்ந்தாரா? இக்கேள்விகளிலே தேறியவரின் பெயரே மேலே ஏறும். எண்ணிக்கை வரையறுக்கப்பட்ட அபூர்வக் கார்களுக்கோ தொழிற்சாலையே ஆட்களைத் தெரிந்தெடுக்கிறது. 2023 ஆம் ஆண்டில் பெராரி விற்ற புதிய கார்களில் ஏறத்தாழ முக்கால் பங்கு, முன்னரே பெராரி வைத்திருந்தவர்களுக்கே சென்றது. உள்ளவனுக்கே மேலும் கொடுப்பது என்பது இங்கு வியாபாரக் கொள்கையாகவே வகுக்கப்பட்டுள்ளது.

‘பொருள் அரிது, ஆகவே பங்கிட வேண்டியிருக்கிறது’ என்பார்கள். ஆனால் இந்த அருமை எங்கிருந்து வந்தது? மழை பொய்த்ததால் வந்ததா? மண்ணில் இரும்பு அற்றுப்போனதால் வந்ததா? சந்தை கேட்பதற்கு ஒரு கார் குறைவாகவே செய்யவேண்டும் என்பது கம்பனியின் மூலவரான என்சோ பெராரியின் கொள்கையாகப் பெருமையுடன் பேசப்பட்டு வருகிறது. தொண்ணூறுகளில் வந்த எப்-50 என்னும் கார் 349 என வரையறுக்கப்பட்டது இக்கணக்கின்படியே. 2013 இல் வந்த லாபெராரி 499. 2024 ஒக்டோபரில் அறிவிக்கப்பட்ட எப்-80, ஏறத்தாழ 36 இலட்சம் யூரோ விலையில், 799. ஒன்று குறைந்த இந்த எண்களே கதையைச் சொல்லிவிடுகின்றன. பஞ்சம் இயற்கையினால் நேர்வதுண்டு. இதுவோ திட்டமிட்டுச் செய்யப்படும் பஞ்சம்.

அத்திட்டமும் இலாபத்துக்கேற்ப நெகிழக்கூடியதே. மதிப்பைக் காக்கும் பொருட்டு ஆண்டு உற்பத்தியை 7,000 க்குள் அடக்குவோம் என்று 2013 இல் அறிவித்தவர்கள் இவர்கள். 2015 இல் கம்பனியின் பங்குகள் நியூயோர்க் பங்குச் சந்தைக்கு வந்தன. 2024 இல் விநியோகமான கார்கள் 13,752. பங்குதாரருக்கு வளர்ச்சி வேண்டும். வாங்குவோருக்கு அருமை வேண்டும். இரண்டையும் ஒருங்கே காட்டும் வித்தையிலேதான் கம்பனியின் கெட்டித்தனம் இருக்கிறது.

இங்கே கூர்ந்து நோக்கவேண்டியது விலை. அரிதான பண்டத்துக்குச் சந்தை எவ்வளவு தருமோ அவ்வளவையும் கேட்பதே வியாபாரத்தின் இயல்பு. இவர்களோ சந்தை தரக்கூடியதிலும் குறைந்த விலையையே பட்டியலில் போடுகிறார்கள். தாராள மனமா? இல்லை. பட்டியல் விலைக்கும் வெளிச்சந்தை விலைக்கும் இடையிலுள்ள வித்தியாசமே வாங்குவோரைக் கட்டிவைக்கும் கயிறு. அந்த வித்தியாசத்தை என்றோ ஒருநாள் பரிசாகப் பெறலாம் என்ற ஆசையில், வேண்டாத கார்கள் இரண்டு மூன்றை ஒருவர் வாங்குகிறார். வரிசையில் பின்னால் நிற்போரும் அவ்வாறே வாங்குகிறார்கள். ஒருவருக்குக் கொடுத்த சலுகை பலரிடமிருந்து வசூலாகிவிடுகிறது. சில முகவர்களோ இவ்வளவுக்கும் பொறுத்திராமல், பட்டியல் விலைக்கு மேல் தமது பங்கையும் வெளிப்படையாகவே சேர்த்துக் கேட்கிறார்கள்.

அமெரிக்கப் போர்ட் கம்பனி இதனை இன்னும் பகிரங்கமாகச் செய்தது. 2016 இல் போர்ட் ஜி.ரி. என்னும் காரை, ஏறத்தாழ நாலரை இலட்சம் டொலர் விலையில், முதலில் 500 பேருக்குக் கொடுப்பதாக அறிவித்து விண்ணப்பம் கோரியது. விண்ணப்பித்தோர் 6,506 பேர். பணம் உண்டா என்பதோடு விண்ணப்பம் நின்றுவிடவில்லை. போர்ட் கார்கள் வைத்திருக்கிறீரா, பொதுமக்களிடையே உமக்குச் செல்வாக்கு உண்டா என்றெல்லாம் அது விசாரித்தது. தெரிவானவர் இரண்டு ஆண்டுகளுக்குக் காரை விற்பதில்லை என ஒப்பமிட வேண்டும். மல்யுத்த நடிகர் ஜோன் சீனா அதற்கு முன் விற்றுவிட்டார் என்று 2017 நவம்பரில் அவர்மீதே வழக்குத் தொடரப்பட்டு, 2018 இல் சமரசமாயிற்று. அதே ஆண்டு அவ்வகைக் காரொன்று ஏலத்திலே 16 இலட்சம் டொலருக்கு மேல் போயிற்று.

‘இக்கட்டுப்பாடுகள் எல்லாம் கள்ளலாபக்காரரைத் தடுப்பதற்கன்றோ?’ என்று சிலர் வாதிப்பர். இவ்வாதத்தில் ஓரளவு உண்மை உண்டு. வாங்கிய மறுநாளே விற்றுக் கொள்ளை இலாபம் அடிப்பவரைத் தடுக்கவே அந்த ஒப்பந்தங்கள் எழுதப்படுகின்றன. ஆனால் அக்கொள்ளை இலாபத்துக்கு வழிசெய்தவர் யார்? பண்டத்தைக் குறைத்துச் செய்து, விலையைத் தாழ்த்தி வைத்து, வேண்டியவருக்கு மட்டும் கொடுப்பவர் தாமே வளர்த்த நோய்க்குத் தாமே வைத்தியராகவும் வருகிறார். ஏழைகளுக்கு அரிசியையும் மருந்தையும் கட்டுப்பாட்டு விலையில் அரசாங்கம் பங்கிட்டால், ‘கறுப்புச் சந்தைக்கு வழிவிடாதீர், விலையைச் சந்தையிடம் விடுங்கள்’ என்று பாடம் நடத்தும் பொருளியல் பண்டிதர்கள், இந்தப் பங்கீட்டைக் கண்டு வாய் திறப்பதில்லை. பங்கீடு அவர்களுக்குப் பிடிக்காத ஒன்றன்று. உண்பவனுக்குச் செய்யும் பங்கீடுதான் பிடிப்பதில்லை.

தனியுடைமையின் புனிதமும் இங்கே என்னவாயிற்று என்று பாருங்கள். முழு விலை கொடுத்து வாங்கிய பொருளை விற்கும் உரிமை வாங்கியவனுக்கில்லை. விற்றால் மறுமுறை அவன் பெயர் பட்டியலில் இராது. மன்னன் மனங்கோணினால் பறிபோகும் மானிய நிலத்துக்கும் இதற்கும் என்ன பேதம்? ‘வரிசை’ என்ற தமிழ்ச் சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. வந்த ஒழுங்கில் நிற்பது ஒன்று. தரமறிந்து அளிக்கப்படும் சிறப்பு மற்றொன்று. கொடுத்தல் எளிது, வரிசையறிதல் அரிது என்று மலையமான் திருமுடிக்காரிக்குக் கபிலர் அறிவுறுத்தியதைப் புறநானூறு படித்தோர் அறிவர். கபிலர் கேட்டது புலமையின் வரிசையை. நம் கோயில்களிலே காளாஞ்சி முதலில் யாருக்கு என்று சண்டையிட்டோர் கேட்டது குலத்தின் வரிசையை. முகவர் பார்ப்பது கொள்முதலின் வரிசையை. முதலாளித்துவம் நிலப்பிரபுத்துவத்தைக் கொன்று புதைத்துவிட்டது என்பர். அது பழைய தர்பாரைத் தனது காட்சியறையிலே கூலிக்கு அமர்த்தியிருக்கிறது என்பதே நமது கருத்து.

இக்கதையின் ஓர் ஏடு நமது கரையையும் தொடுகிறது. என்சோ என்னும் பெராரிக் கார் 399 என்றே விற்கப்பட்டது. பின்னர் 400 ஆவது காரொன்று செய்யப்பட்டு, பாப்பரசர் இரண்டாம் ஜோன் போலுக்கு அளிக்கப்பட்டது. 2005 ஜூனில் ஏறத்தாழ பத்து இலட்சம் யூரோவுக்கு ஏலம் போன அதன் பணம், 2004 டிசம்பர் சுனாமியினால் பாதிக்கப்பட்டோருக்கென ஒதுக்கப்பட்டது. கொடுத்த கையை நாம் இகழவில்லை. எனினும் இரண்டு உண்மைகளை இச்செயல் காட்டிவிட்டது. தேவையென்று கண்டால் இன்னுமொரு காரைச் செய்ய எந்தத் தடையும் இருக்கவில்லை என்பது ஒன்று. கடல் கொண்டுபோன மக்களின் துயர் துடைக்கும் பணம்கூட, ‘இதுவே கடைசிக் கார்’ என்ற செல்வரின் ஆசை வழியாகத்தான் திரள வேண்டியிருந்தது என்பது மற்றொன்று.

இவை அனைத்திலும் ஒருவரைப் பற்றி யாரும் பேசவில்லை. அவர் மரநெல்லோ தொழிற்சாலையிலே அக்காரைச் செய்தவர். 2024 ஆம் ஆண்டுக்கென அத்தொழிலாளருக்கு 14,400 யூரோ வரை ஊக்கத்தொகை வழங்கப்பட்டது. அதனை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. அவர்கள் கையின் திறமையையும் நாம் மதிக்கிறோம். ஆனால் அத்திறமை எதற்குப் பயன்படவேண்டும், எத்தனை செய்யவேண்டும், யாருக்குச் சேரவேண்டும் என்ற கேள்விகளில் அவருக்குக் குரல் உண்டா? பட்டியலை எழுதுபவர் வேறு. பண்டத்தைப் படைப்பவர் வேறு.

‘தகுதியில்லை’ என்ற சொல்லைக் கோயில் வாசலிலும் பாடசாலை வாசலிலும் கேட்டுத் திரும்பியவர்கள் நம்மிடையே உண்டு. அவர்களுக்கு நற்பெயர் கெட்டதென்று வழக்காட வசதி இருக்கவில்லை. ஆகவே அவர்கள் ஒன்றுசேர்ந்து போராடினார்கள். கார் கிடைக்காத கோடீசுவரருக்காக நாம் இதை எழுதவில்லை. இன்று காட்சியறையில் நடக்கும் இம்முறை, நாளை மருத்துவமனைக் கட்டிலுக்கும் பல்கலைக்கழக இடத்துக்கும் வரும்போது, அதற்கும் ‘தகுதி’ என்றே பெயர் சூட்டுவார்கள். அப்பெயரைக் கண்டு மயங்காமல், இந்தப் பட்டியலை எழுதியவர் யார், இந்தப் பஞ்சத்தைச் செய்தவர் யார் என்று கேட்க நம் மாணவர்களைப் பழக்குவோம்.