அறிவுரை போனில் வருது. தானியம் எங்கிருந்து வரும்?

"வெள்ளைச் சோத்தைக் குறைங்க, சிறுதானியம் சேருங்க, தினம் அரை மணி நேரம் நடங்க." வாழ்வியல் மருத்துவம் என்ற பெயரில் இணையவழி வகுப்புகள் பெருகிவிட்டன. மதுரை நகரத்தில் இருப்பவரும் கேட்கலாம், மேலூர்ப் பக்கம் வயலில் நிற்பவரும் கேட்கலாம்.

இதைக் கேலி செய்ய வேண்டியதில்லை. பலன் இருக்கிறது. சென்னை டாக்டர் அ. ராமச்சந்திரன் குழு, சர்க்கரை நோய் வரும் நிலையில் இருந்த 537 ஆண்களை 2 ஆண்டுகள் கவனித்தது. உணவு, நடை பற்றி செல்போனில் தொடர்ந்து குறுஞ்செய்தி பெற்றவர்களில் நூற்றுக்கு 18 பேருக்கு நோய் வந்தது. தொடக்கத்தில் மட்டும் ஆலோசனை கேட்டவர்களில் 27 பேருக்கு வந்தது. 2013இல் வெளிவந்த முடிவு இது.

ஆனால் செய்தி மட்டும் வயிற்றை நிரப்பாது. பேரையூர், தே.கல்லுப்பட்டி மானாவாரியில் குதிரைவாலி விளைகிறது. விளைவித்தவரோ மூட்டையை வியாபாரியிடம் போட்டுவிட்டு ரேஷன் அரிசிச் சோறு சாப்பிடுகிறார். சோம்பேறித்தனம் இல்லைங்க. உமி நீக்கும் மெஷின் பல ஊர்களில் கிடையாது. உரலில் குத்த ஆளும் இல்லை, நேரமும் இல்லை. அதே தானியம் வெள்ளையாகத் தீட்டப்பட்டு நகரத்துக் கடையில் பாக்கெட்டாக நிற்கிறது.

நம்மிலும் சிலர் "சர்க்கரையை விரட்டும் அரிசி" என்று சொல்லி விற்கிறார்கள். அது நமக்கு வேண்டாம். எந்தத் தானியமும் அளவு மீறினால் சர்க்கரையை ஏற்றத்தான் செய்யும். தவிடு போகத் தீட்டினால் இன்னும் வேகமாக ஏற்றும். மாத்திரையைக் குறைப்பதா, நிறுத்துவதா என்பதை டாக்டர்தான் சொல்லணும். 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' மாத்திரையை வீட்டுக்கே கொண்டு வருகிறது. அதைத் தட்டிக்கழிக்கச் சொல்வது நம் வேலை இல்லை. நம்மை நம்பி ஒருவர் மாத்திரையை விட்டு, கண்ணோ காலோ போனால் யார் பதில் சொல்வது?

நம் வேலை வேறு. நாலைந்து ஊருக்குச் சேர்த்து ஒரு உமி நீக்கும் மெஷின் போடணும். தவிடு போகாத தானியத்தை உழவர் சந்தையில் வைக்கணும். 1999 நவம்பர் 14இல் முதல் உழவர் சந்தை திறந்ததே மதுரை அண்ணா நகரில்தானே! வகுப்பு நடத்தும் டாக்டர்களிடமும் கேட்போம்: "சிறுதானியம் சாப்பிடுங்கன்னு சொல்றீங்க, சரி. எங்க கிடைக்கும்னும் சேர்த்துச் சொல்லுங்க."

அதற்கு முன்னால், இந்த அறுவடையில் நம் வீட்டுக்கு ஒரு மூட்டை ஒதுக்கிவிட்டு மிச்சத்தை விற்போம்.